கார்லைலின் சாட்சியம்: விக்டோரியா கால இலக்கியத்தில் பேரரசும் மார்க்கமும்

தமிழகத்து மீலாது மேடைகளில் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் கார்லைலின் பெயர் ஒலிக்காத ஆண்டு அரிது. கிறித்தவச் சமயப் பின்னணியில் பிறந்த ஐரோப்பியர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை உலகின் மாவீரர் வரிசையில் வைத்துப் போற்றினார் என்பதே சொற்பொழிவாளர் எடுத்துரைக்கும் செய்தி. தமிழில் வெளிவந்த சீறா நூல்கள் பலவற்றின் இறுதியில் மாற்றாரின் பாராட்டுரைகளைத் தொகுத்துத் தரும் பகுதி ஒன்று உண்டு. அங்கும் கார்லைலுக்கே பெரும்பாலும் முதலிடம். இவ்வழக்கத்தின் பின்னணியில் இருப்பது நபியின் மீதான அன்பே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் எடுத்தாளப்படும் அவ்வரிகள் எந்த உரையிலிருந்து வந்தன, யார் முன்னிலையில், எந்த நோக்கத்தில் சொல்லப்பட்டன, அவற்றுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று கேட்டவர் நம்மில் மிகச் சிலரே.

இக்கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் அறிவிப்பாளரை ஆராய்கிறோம். அவர் எங்கு வாழ்ந்தார், யாரிடம் கேட்டார், அவருடைய நினைவாற்றல் எத்தகையது, அவருக்குச் சார்பு ஏதும் இருந்ததா என்றெல்லாம் வினவும் ஜர்ஹ்-தஃதீல் என்ற துறையை வளர்த்தெடுத்த சமூகம் நாம். பாக்தாதின் அறிவிப்பாளரையும் நைஸாபூரின் அறிவிப்பாளரையும் இவ்வளவு நுணுகி ஆராய்ந்த நாம் இலண்டன் அறிவிப்பாளரை மட்டும் எவ்வித ஆய்வுமின்றி ஏற்றுக்கொண்டது ஏன்? இக்கட்டுரை அந்த ஆய்வைச் செய்ய முயல்கிறது. கார்லைலை ஒதுக்கித் தள்ளுவது இதன் நோக்கமன்று. அவர் சொன்னதை முழுமையாக அறிந்த பின்பே அவருடைய சாட்சியத்தின் தரத்தை நாம் நிர்ணயிக்க இயலும்.

உரை நிகழ்ந்த காலம்

விக்டோரியா அரசி 1837இல் அரியணை ஏறினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1840 மே மாதத்தில், கார்லைல் இலண்டன் நகரில் வீரர்களும் வீரவழிபாடும் என்ற பொருளில் ஆறு உரைகள் நிகழ்த்தினார். நபிகளாரைப் பற்றியது இரண்டாம் உரை. மே 8, வெள்ளிக்கிழமை நிகழ்ந்தது. உரைகள் 1841இல் நூலாக வெளிவந்தன. கட்டணம் செலுத்தி வந்து கேட்டவர்கள் இலண்டனின் கற்றோரும் செல்வந்தரும் ஆவர்.

அந்த ஆண்டில் பிரிட்டனின் கை எங்கெல்லாம் நீண்டிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1839 ஜனவரியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அரபுத் தீபகற்பத்தின் தென்முனையிலுள்ள ஏடன் துறைமுகத்தைக் கைப்பற்றியிருந்தது. அதே ஆண்டில் ஆங்கிலப் படை காபூலுக்குள் நுழைந்தது. சீனாவுடன் அபினிப் போர் தொடங்கியிருந்தது. இந்தியாவில் 1835இல் மெக்காலே எழுதிய கல்விக் குறிப்பு, ஐரோப்பிய நூலகத்தின் ஓர் அலமாரியே இந்தியா, அரபு நாடுகள் ஆகியவற்றின் முழு இலக்கியத்துக்கும் ஈடாகும் என்று தீர்ப்பளித்துவிட்டது. 1837இல் நீதிமன்றங்களிலிருந்து பாரசீகம் விலக்கப்பட்டது. அரபும் பாரசீகமும் கற்றவர்களின் அறிவு, ஒரே தலைமுறைக்குள் அரசாங்க மதிப்பை இழந்த காலம் அது. அக்காலத்தில்தான் இலண்டன் மேடையொன்றில் அரபு நபி புகழப்பட்டார். இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே பின்காலனியத் திறனாய்வு நமக்குக் கற்றுத்தரும் முதற்பாடம்.

உரையில் உள்ளவை

கார்லைலுக்கு உரிய நன்றியை முதலில் செலுத்திவிடுவோம். நபிகளார் ஒரு வஞ்சகர் என்ற கட்டுக்கதையே அதுவரை ஐரோப்பிய மரபில் ஓங்கியிருந்தது. பழக்கப்படுத்திய புறா ஒன்று அவர்களின் காதருகே வந்து தானியம் கொத்தியதாகவும், அதையே வானவர் என்று காட்டியதாகவும் இடைக்காலத்தவர் எழுதிவைத்திருந்தனர். இதற்கு ஆதாரம் எதுவுமில்லை என்பதைக் கார்லைல் எடுத்துக்காட்டினார். பொய்யர் ஒருவரால் செங்கல் வீடொன்றைக்கூடக் கட்ட இயலாது என்றும், பன்னிரண்டு நூற்றாண்டுகளாகப் பதினெட்டுக் கோடி மக்களின் வாழ்வுக்கு வழிகாட்டிய சொல் பொய்யாக இருக்க முடியாது என்றும் வாதிட்டார். வாளால் பரவிய மார்க்கம் என்ற குற்றச்சாட்டுக்கு, சாக்சானியரைக் கிறித்தவராக்கிய சார்லமேனின் வாளை நினைவூட்டினார். சிற்றின்ப நாட்டம் என்ற பழிக்கு, நபிகளாரின் எளிய உணவையும் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்ட வாழ்வையும் மறுமொழியாக வைத்தார். 1840இன் இலண்டனில் இவற்றைச் சொல்லத் துணிவு தேவைப்பட்டது.

நம் மேடைகள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கின்றன. அதே உரையில் வேறு சிலவும் உள்ளன. தாம் நபிகளாரைத் தேர்ந்தது அவர் தலைசிறந்த நபி என்பதால் அன்று, அவரைப் பற்றியே தடையின்றிப் பேச முடியும் என்பதால்தான் என்று கார்லைல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கேட்போர் எவரும் இஸ்லாத்தைத் தழுவிவிடும் ஆபத்து இல்லை, ஆகவே நியாயமாகச் சொல்லக்கூடிய நன்மையையெல்லாம் சொல்லலாம் என்பது அவர் தரும் உறுதி. அச்சமற்ற தொலைவில் இருக்கும் ஒன்றைப் புகழும் தாராளம் இது. திருக்குர்ஆனை அவர் ஜார்ஜ் சேல் 1734இல் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பில் படித்தார். அரபு அறியாத அவர், சலிப்பூட்டும் குழப்பமான நூல் என்று அதைப் பற்றிக் கருத்துரைத்தார். கடமையுணர்வு ஒன்றே ஐரோப்பியர் எவரையும் அதைப் படித்து முடிக்கச் செய்யும் என்றார். இஸ்லாத்தைக் கிறித்தவத்தின் தெளிவற்ற ஒரு வடிவம் என்று வரையறுத்தார்.

உரையின் இறுதிப் பகுதியில் அவர் நோக்கம் வெளிப்படுகிறது. மனிதச் செயல்களின் நன்மை தீமையை இன்ப துன்பக் கணக்கால் அளக்கும் பெந்தாமின் பயன்வாதம் அன்றைய இங்கிலாந்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அதைக் கார்லைல் வெறுத்தார். மனிதனைப் பற்றியும் பிரபஞ்சத்தில் அவன் நிலையைப் பற்றியும் இழிவான கருத்துக் கொண்டவர் பயன்வாதியா, முஹம்மதா என்று கேட்டு, முஹம்மது அல்லர் என்று விடை தந்தார். ஆங்கிலேயருக்குள் நடந்த சண்டையில் நபிகளாரின் பெயர் ஒரு கருவியாயிற்று. 1978இல் வெளிவந்த ஓரியண்டலிசம் நூலில் எட்வர்ட் ஸயீத், கார்லைல் தம் கருதுகோளுக்கு ஏவல் செய்யும்படி நபிகளாரை அவர்களின் காலத்திலிருந்தும் இடத்திலிருந்தும் பிரித்தெடுத்தார் என்று சுட்டியது இதனால்தான்.

ஸித்குக்கும் வஹீக்கும் இடையில்

கார்லைல் ஸ்காட்லாந்தில் கண்டிப்பான கால்வினியக் குடும்பத்தில் 1795இல் பிறந்தவர். போதகராக வேண்டும் என்பது பெற்றோர் விருப்பம். இளமையிலேயே திருச்சபைக் கோட்பாடுகளின் மீது நம்பிக்கை இழந்தார். ஆயினும் சமய உணர்வை விட்டுவிட இயலவில்லை. அவருடைய தலைமுறையின் துயரம் அது. டென்னிசனும் மேத்யூ ஆர்னல்டும் கவிதையில் வெளிப்படுத்திய ஐயமும் ஏக்கமும் அதே மூலத்திலிருந்து பிறந்தவை. வேதம் போன பின்பு எஞ்சியிருக்கும் பிடிமானம் எது என்று தேடிய கார்லைல், நேர்மையுள்ள மாமனிதர் என்ற விடையைக் கண்டார். மாமனிதரின் உள்ளத்தூய்மையே அவருக்கு வேதத்தின் இடத்தை நிரப்பியது.

ஆகவே அவர் நபிகளாரிடம் கண்டது ஸித்கு என்னும் வாய்மையை மட்டுமே. அவர்களிடம் வந்த வஹீயை அவர் ஏற்கவில்லை. ஜிப்ரீல் (அலை) அவர்களின் வருகை அவருக்கு ஓர் உள்ளொளியின் உருவகம். ஓர் அரபுப் பாலைவன மனிதர் தம் ஆன்மாவின் ஆழத்திலிருந்து உண்மையைக் கண்டு பேசினார் என்பதே அவருடைய சித்திரம். நம் அகீதாவில் நபியின் வாய்மையும் அவர் கொண்டுவந்த செய்தியின் வாய்மையும் பிரிக்க முடியாதவை. ரிஸாலத்தை நீக்கிவிட்டு வாய்மையை மட்டும் புகழ்வது, தூதரின் குணத்தைப் போற்றிவிட்டு அவர் கொண்டுவந்த கடிதத்தைத் திருப்பி அனுப்புவதற்கு ஒப்பாகும்.

மூன்றாம் உரை

நம் மேடைகள் அறியாத இன்னொன்று இருக்கிறது. நபியைப் பற்றிய உரைக்கு நான்கு நாட்கள் கழித்து, மே 12ஆம் நாள், கவிஞரை வீரராகக் காட்டும் மூன்றாம் உரை நிகழ்ந்தது. அச்சான நூலில் அவ்வுரையைப் படிப்போர் அதிர்ச்சியடைவர். முதலில் தாந்தேயைப் புகழ்கிறார். தம் காவியத்தின் நரகப் பகுதியில் நபிகளாரை இழிவுபடுத்திய அதே தாந்தே. நபிகளாரின் அரபியர் நூறாண்டுகளில் டில்லி முதல் கிரானடா வரை பரவினர் என்றாலும், அவர்களின் பேச்சு பெருந்திரளுக்கே உரியது, தாந்தேயின் சொல்லோ எக்காலத்துச் சான்றோருக்கும் உரியது என்று ஒப்பிடுகிறார். பின்பு ஷேக்ஸ்பியரிடம் வருகிறார். ஷேக்ஸ்பியர் தம்மை நபி என்று எண்ணிக்கொள்ளவில்லை, அதுவே அவருடைய மேன்மை என்கிறார். முஹம்மது தம்மைத் தலையாய நபியாகக் கருதியது அடிப்படையிலேயே பிழை என்றும், அப்பிழையோடு பின்னிப் பிணைந்து வந்த அவருடைய பேச்சு உண்மைப் பேச்சுத்தானா என்பதே தமக்கு இப்போது ஐயமாக இருக்கிறது என்றும் கூறுகிறார். முந்திய உரையில் மறுத்த வஞ்சகர் என்ற பழியின் நிழல் இங்கே திரும்பி வந்துவிடுகிறது. அரபு நாட்டிலேயே முஹம்மதின் செல்வாக்கு தீர்ந்துபோகும், ஷேக்ஸ்பியரோ அப்போதும் இளமையோடிருப்பார் என்பது அவருடைய முன்கணிப்பு.

அந்த உரையின் முடிவை ஒவ்வொரு வாசகரும் கவனிக்க வேண்டும். இந்தியப் பேரரசு, ஷேக்ஸ்பியர் இவ்விரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும் என்று ஆங்கிலேயரிடம் கேட்டால் எதைக் கைவிடுவீர்கள் என வினவுகிறார். பேரரசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஷேக்ஸ்பியர் வேண்டும் என்பது அவர் விடை. இந்தியப் பேரரசு ஒருநாள் போய்விடும், ஷேக்ஸ்பியர் போகமாட்டார், உலகெங்கும் சிதறிக்கிடக்கும் ஆங்கிலேயரை ஒன்றிணைக்கும் அரசர் அவரே என்கிறார். இலக்கியத்தைப் பேரரசுக்கு மேலாக வைக்கும் பெருந்தன்மை என்று இதைப் பலர் பாராட்டுவர். ஆனால் நில ஆட்சி மறைந்த பின்பும் நீடிக்கும் மேலாட்சி ஒன்றுக்கு இலக்கியமே சாசனமாகிறது என்பதை நாம் காணாதிருக்க முடியாது. மெக்காலேயின் பள்ளிக்கூடங்களில் அச்சாசனம் பாடமாயிற்று. ஆங்கில இலக்கியம் என்ற பாடத்துறை இந்தியாவில் ஆட்சியின் தேவைக்காக எவ்வாறு உருவெடுத்தது என்பதை கௌரி விஸ்வநாதன் 1989இல் எழுதிய நூல் விரிவாக நிறுவியிருக்கிறது. நபியின் இடத்தைக் குறைப்பதும் ஷேக்ஸ்பியரைப் பேரரசின் அரசராக்குவதும் ஒரே உரையில் நிகழ்ந்தது தற்செயல் அன்று என நாம் கருதுகிறோம். ஓர் உலகளாவிய வாக்கு மற்றோர் உலகளாவிய வாக்குக்கு இடம்விட வேண்டியிருந்தது.

கார்லைலின் பிற்கால வாழ்வும் இந்த வாசிப்புக்கு அரண் செய்கிறது. 1849 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டோரை வன்முறையால் வேலை வாங்கலாம் என்று வாதிட்டது. ஜான் ஸ்டுவர்ட் மில் அடுத்த மாதமே அதைக் கண்டித்து எழுதினார். 1865இல் ஜமைக்காவின் மொராண்ட் பேயில் எழுந்த கிளர்ச்சியை ஆளுநர் எட்வர்ட் ஐர் நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்று அடக்கியபோது, அவரைக் காப்பதற்கான குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கார்லைல். வீரவழிபாட்டின் அரசியல் பொருள் அங்கே தெளிவாயிற்று. வல்லவர் ஆள்வதும் மற்றவர் பணிவதும் இயற்கை நீதி என்ற அக்கோட்பாட்டையும், அரபியருக்கும் அரபியரல்லாதாருக்கும், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இறையச்சத்தாலன்றி வேறு மேன்மையில்லை என்று இறுதி ஹஜ்ஜில் முழங்கிய நபியின் போதனையையும் ஒரே மேடையில் நிறுத்த இயலாது.

புதினங்களின் சாட்சியம்

கார்லைலிடம் கண்ட போக்கு அவருடையது மட்டுமன்று. சார்லட் பிராண்டேயின் ஜேன் ஐர் புதினம் 1847இல் வெளிவந்தது. ஏழை ஆசிரியையான கதைத்தலைவியைச் செல்வந்தர் ரோச்செஸ்டர் பட்டாலும் நகைகளாலும் மூட முற்படுகிறார். அவருடைய புன்னகை அவளுக்கு ஒரு சுல்தானின் புன்னகையாகத் தோன்றுகிறது. அவருடைய அந்தப்புரத்தில் அடைபட்ட பெண்களுக்கு விடுதலையைப் போதிக்கும் மிஷனரியாகத் தான் புறப்படுவதாக அவள் வேடிக்கையாகப் பேசுகிறாள். ஆங்கில ஆணின் ஆதிக்கத்தை எதிர்க்கும் நியாயமான குரல் அது. ஆனால் அந்த ஆதிக்கத்துக்குச் சூட்ட ஆங்கிலப் பெயர் கிடைக்கவில்லை. குற்றம் ஆங்கிலேயருடையது, பெயர் முஸ்லிமுடையது. அதே புதினத்தில் ரோச்செஸ்டரின் முதல் மனைவி ஜமைக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு மாடியறையில் அடைக்கப்பட்டிருக்கிறாள். உண்மையான சிறை கீழைநாட்டு அந்தப்புரத்தில் இல்லை, இங்கிலாந்தின் மாளிகையில்தான் இருக்கிறது. அப்பெண்ணின் மௌனத்தின் மீது கதைத்தலைவியின் விடுதலை எழுப்பப்பட்டிருப்பதை காயத்ரி ஸ்பிவாக் 1985இல் எழுதிய கட்டுரை வெளிக்கொணர்ந்தது. இந்தியாவுக்கு மிஷனரியாகச் செல்லும் செயின்ட் ஜான் ரிவர்ஸ் அதற்காக இந்துஸ்தானி மொழி பயில்கிறார், ஜேனையும் பயிலச் செய்கிறார். புதினத்தின் கடைசிச் சொற்களும் அவருக்கே வழங்கப்பட்டுள்ளன. 1813ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் மிஷனரிகளுக்கு இந்தியக் கதவைத் திறந்துவிட்ட பின் வளர்ந்த தலைமுறையின் படைப்பு இது.

வில்கி காலின்ஸின் சந்திரகாந்தக் கல் பற்றிய புதினம், தி மூன்ஸ்டோன், 1868இல் வெளிவந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த நாளில் ஓர் ஆங்கில அதிகாரி மூவரைக் கொன்று ஒரு வைரத்தைக் கவர்வதோடு கதை தொடங்குகிறது. 1857க்குப் பின் இந்தியரின் மீது வெறுப்பு பொங்கிய சூழலில், கொள்ளையன் ஆங்கிலேயனே என்று எழுதிய காலின்ஸின் நேர்மையைப் போற்ற வேண்டும். துண்டுப் பிரசுரங்களை வழியெல்லாம் விட்டுச்செல்லும் சமயப் போலியை அவர் நகையாடவும் செய்கிறார். ஆயினும் முன்னுரையில் அவ்வைரத்துக்கு ஒரு வரலாறு கற்பிக்கப்படுகிறது. முதலில் கஜ்னியின் மஹ்மூது சோமநாதத்தைச் சூறையாடுகிறார். பின்பு ஔரங்கசீபின் படைத்தலைவன் ஒருவன் வைரத்தை அபகரிக்கிறான். அடுத்து அது திப்பு சுல்தானின் கட்டாரியை அலங்கரிக்கிறது. ஆங்கிலேயன் அந்த வரிசையில் கடைசியாகத்தான் வருகிறான். தன் கையிலிருந்த இரத்தத்தைப் பேரரசு ஒப்புக்கொண்ட தருணத்திலும், அதை முஸ்லிம் வரலாற்றோடு பங்கிட்டுக்கொண்டது. இது புதினத்துக்கு மட்டும் உரிய கற்பனையன்று. 1842இல் கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ, கஜ்னியிலிருந்து சோமநாதத்தின் கதவுகளை மீட்டுவிட்டதாக அறிக்கை விட்டு, இந்துக்களின் பழிதீர்ப்பாளராகத் தம்மைக் காட்டிக்கொண்டார். கொண்டுவந்த கதவுகள் சோமநாதத்துக்கு உரியவை அல்ல என்பது பின்னர் தெரியவந்தது. அவை ஆக்ராவிலேயே தங்கிவிட்டன. கதவுகள் பொய்யான பின்பும் அவை சொன்ன கதை இந்திய அரசியலில் உயிரோடிருக்கிறது.

ம்யூரும் மறுமொழிகளும்

புகழுரை ஒருபுறமிருக்க, நிந்தனை நேரடியாக அரசாங்க அலுவலகத்திலிருந்தே வந்தது. வடமேற்கு மாகாண அதிகாரியான வில்லியம் ம்யூர், மிஷனரி ஃபாண்டரின் தூண்டுதலால் நபிகளாரின் வரலாற்றை எழுதி 1858 முதல் 1861 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்டார். 1857 கிளர்ச்சியின்போது ஆக்ராவில் உளவுத்துறைப் பொறுப்பு வகித்தவர் அவர். கார்லைலைப் போலன்றி அரபு மூலங்களைப் படித்தவர். நபிகளாரின் வாளும் குர்ஆனும் நாகரிகத்துக்கும் சுதந்திரத்துக்கும் பகை என்ற முடிவுக்கு வந்தவர். மூலமொழி அறிவு மட்டுமே நேர்மையைத் தந்துவிடாது என்பதற்கு அவர் சான்று.

இதற்கு மறுமொழியாக சர் ஸையித் அஹ்மத் கான் 1869இல் இலண்டன் சென்று, நூலகங்களில் உழைத்து, 1870இல் நபிகளாரின் வாழ்வு பற்றிய கட்டுரைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கார்லைல் முதலியோரின் நற்சாட்சியை நாடும் மரபு இச்சூழலில்தான் நம்மிடையே வலுப்பெற்றது. நீதிபதி ஆங்கிலேயர், நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்றிருந்தபோது, ஆங்கிலேயச் சாட்சியை அழைப்பது இயல்பே. அம்முன்னோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

அவர்களுக்கும் முன்பு, 1854 ஏப்ரலில் ஆக்ராவில் ஃபாண்டரை விவாதத்தில் எதிர்கொண்டவர் அல்லாமா ரஹ்மத்துல்லாஹ் கீரானவி. மருத்துவர் வஸீர் கான் துணையோடு ஐரோப்பியரின் விவிலிய ஆய்வு நூல்களையே எடுத்து ஃபாண்டரின் முன் வைத்தார். 1857க்குப் பின் சொத்துகள் பறிக்கப்பட்டு மக்காவில் குடியேறிய அவர், தம் வாதங்களை இழ்ஹாருல் ஹக் என்ற அரபு நூலாக்கினார்.

முனாழரா கலையில் இல்ஸாமீ, தஹ்கீகீ என இருவகை மறுமொழிகள் உண்டு. எதிரி ஏற்றுக்கொண்ட ஒன்றைக் காட்டி அவரை வாயடைக்கச் செய்வது முதலாவது. உண்மையை அதற்குரிய ஆதாரத்தால் நிறுவுவது இரண்டாவது. கீரானவி ஐரோப்பிய நூல்களை முதல் வகைக்கே பயன்படுத்தினார். அவற்றைத் தம் ஈமானுக்கு அடித்தளமாக்கவில்லை. கார்லைலின் சொற்களும் அவ்வாறே இல்ஸாமீ ஆதாரமாகத் தகுதி பெறும். நபியை வஞ்சகர் என்னும் ஐரோப்பியரிடம் அவற்றைக் காட்டலாம். நம் பிள்ளைகளிடம் நபியின் மேன்மைக்கு ஆதாரமாக அவற்றை ஓதும்போது வகை மாறிவிடுகிறது. மேற்கு ஒப்புக்கொண்டதால் நம் நபி பெரியவர் என்ற எண்ணம் கேட்பவர் உள்ளத்தில் படிகிறது. அதே மேற்கிலிருந்து நாளை ஒரு நிந்தனை வரும்போது, சான்றிதழால் மகிழ்ந்த உள்ளமே அதிகம் கலங்குகிறது.

பின்காலனியத் திறனாய்வுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை நாம் உணர வேண்டும். மார்க்கத்தைப் பற்றிய எல்லாப் பேச்சையும் அதிகாரத்தின் முகமூடியாக மட்டுமே அது காணுமானால், மிஷனரியின் வேதத்தோடு கீரானவியின் ஈமானும் அதே தட்டில் வைக்கப்பட்டுவிடும். எழுத்தின் பின்னாலுள்ள ஆட்சியைக் காண அக்கருவி உதவுகிறது. எழுதப்பட்டது உண்மையா பொய்யா என்ற கேள்விக்கு விடைகாண நாம் நம் சொந்தக் கலைகளிடமே திரும்ப வேண்டும். எதிர்ப்பாளரிடமும் நீதி வழுவக் கூடாது என்ற குர்ஆனியக் கட்டளையும் நம்மைப் பிணைக்கிறது. புறாக் கதையைத் தகர்த்த கார்லைலை நாம் மறைக்கக் கூடாது. மூன்றாம் உரையின் கார்லைலையும் மறைக்கக் கூடாது.

கார்லைலின் அந்த நூலை முஹம்மது அஸ்ஸிபாயீ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபில் முழுமையாகப் பெயர்த்தார். தமிழில் இரண்டாம் உரையையும் மூன்றாம் உரையையும் சேர்த்து, தக்க குறிப்புகளோடு பெயர்த்து வெளியிடுவது நம் பதிப்பகங்கள் மேற்கொள்ளத்தக்க பணி. அரபுக் கல்லூரிகளின் இறுதி வகுப்புகளில், ம்யூரையும் கார்லைலையும் இழ்ஹாருல் ஹக்குடன் ஒப்பிட்டுப் படிக்க வாரத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்கினாலும் போதும். அறிவிப்பாளரை எடைபோடும் கலையில் பயிற்சி பெற்ற மாணவர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் கையில் மூலநூல்களைக் கொடுக்க வேண்டியது ஆசிரியர்களாகிய நம் பொறுப்பு.